ஆடாத படம் எடுக்க ஹார்டுவேர் கடைக்குப் போவோம்!

நாய்க்குட்டி ஒன்று தெருவில் ஓடுகிறது. கைப்பேசியைப் பிடித்தபடி அதன் பின்னாலேயே ஓடி வீடியோ எடுக்கிறீர்கள். அப்புறம் போட்டுப் பார்த்தால், நாய்க்குட்டியைவிட வீடும் மரமும்தான் அதிகமாகக் குதிக்கின்றன! கொஞ்ச நேரம் பார்த்தாலே தலை சுற்றும்.

சினிமாவில் மட்டும் எப்படி? கதாநாயகன் மாடிப்படியில் தாவி ஏறுவான். கேமராவும் கூடவே ஏறும். ஆனால் படம் வழுக்கிக்கொண்டு போவதுபோல அலுங்காமல் இருக்கும். அந்த வித்தையைச் செய்யும் கருவிக்கு ஸ்டெபிலைசர் என்று பெயர். மோட்டார், பேட்டரி எதுவும் இல்லாத ஒரு ஸ்டெபிலைசரை நம் ஊரில் கிடைக்கும் பொருள்களை வைத்தே செய்துவிடலாம். அதற்கு முன், ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்துவிட்டால், கடையில் கிடைக்காத பாகத்துக்கு மாற்று தேடுவது ஒரு நல்ல விளையாட்டாகிவிடும்.

நகர்வது வேறு, சாய்வது வேறு

கையில் பிடித்த கேமரா இரண்டு விதமாக ஆடும். ஒன்று, மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்வது. இன்னொன்று, சாய்வதும் திரும்புவதும்.

10 மீட்டர் தூரத்தில் ஒரு மரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கை 1 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், அந்த மரமும் 1 செ.மீ. நகர்ந்த மாதிரிதான் படத்தில் தெரியும். யாரும் கவனிக்கவே மாட்டார்கள். அதே கேமரா வெறும் 1 டிகிரி திரும்பினால்? மரம் சுமார் 17 செ.மீ. தள்ளிப்போன மாதிரி தெரியும்! தூரம் கூடக் கூட இந்தப் பிழையும் பெரிதாகும். ஆகவே நாம் முதலில் அடக்க வேண்டியது திரும்புவதையும் சாய்வதையும்தான்.

படிக்கட்டில் ஓடிய கேமரா

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த காரெட் பிரவுன். அவர் 1970களின் நடுவில் உருவாக்கிய கருவிதான் ஸ்டெடிகேம். அதைச் சோதித்துப் பார்க்க, அந்த ஊர் கலை அருங்காட்சியகத்தின் படிக்கட்டில் தன் தோழியை ஓடச் சொல்லிப் படம் பிடித்தார். அதைப் பார்த்த இயக்குநர் ஜான் அவில்ட்சன் அசந்துபோனார். 1976இல் வந்த ‘ராக்கி’ படத்தில் கதாநாயகன் ஓடி ஏறுவதும் அதே படிக்கட்டுதான்.

1983இல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை’ படத்தில் காட்டுக்குள் பறக்கும் வண்டிகள் துரத்திக்கொள்ளும் காட்சி ஒன்று உண்டு. அதற்காக பிரவுன் கலிபோர்னியாவின் ரெட்வுட் மரக் காட்டுக்குள் ஸ்டெடிகேமுடன் நடந்தே போனார். நொடிக்கு ஒரு படத்துக்கும் குறைவாக எடுத்துக்கொண்டே போனார்கள். திரையரங்கில் நொடிக்கு 24 படம் ஓட்டியபோது, நடை அசுர வேகமாகிவிட்டது. கேமரா கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அந்தக் காட்சி பாழாகியிருக்கும்.

ஸ்டெடிகேமின் உள்ளே இருக்கும் அறிவியல் மூன்றே விஷயம்தான்.

முதல் விஷயம்: எடையைத் தள்ளி வை

ஒட்டடைக் கம்பு ஒன்றை எடுங்கள். தண்ணீர் நிரப்பிய இரண்டு அரை லிட்டர் பாட்டில்களைக் கம்பின் நடுவில், ஒன்றையொன்று ஒட்டினாற்போல் கட்டுங்கள். நடுவில் பிடித்து, கம்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். சுலபமாகத் திரும்பும். இப்போது பாட்டில்களை அவிழ்த்துக் கம்பின் இரு முனைகளிலும் கட்டுங்கள். மறுபடி திருப்புங்கள். கம்பு முரண்டு பிடிக்கும்!

எடை கூடவில்லை. எடை இருக்கும் தூரம்தான் கூடியது. எந்தப் பொருளும் தான் இருக்கும் நிலையை மாற்றிக்கொள்ள மறுப்பதை நிலைமம் என்கிறோம். சுழற்சியில் இந்த மறுப்பு தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. தூரம் இரண்டு மடங்கானால் மறுப்பு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கழைக்கூத்தாடி நீண்ட மூங்கிலைக் குறுக்கே பிடித்துக் கயிற்றில் நடப்பதும் இதனால்தான். மூங்கில் திரும்ப மறுக்கிறது. அவர் சுதாரித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

ஆகவே கைப்பேசியை ஒரு கம்பின் மேல் முனையிலும், ஒரு எடையைக் கீழ் முனையிலும் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது விஷயம்: சரியான இடத்தில் பிடி

கம்பு, கைப்பேசி, எடை எல்லாம் சேர்ந்த முழுக் கருவிக்கும் ஒரு நிறை மையம் இருக்கும். அந்த இடத்தை விரலில் வைத்தால் கருவி எந்தப் பக்கமும் சாயாது. அங்கேயே பிடித்துக்கொண்டு நடந்தால், உங்கள் கை எவ்வளவு உலுக்கினாலும் கம்பைச் சாய்க்கும் விசை உருவாகாது. ஆனால் சரியாக நிறை மையத்திலேயே பிடித்தால் ஒரு சிக்கல்: எப்படி வைத்தாலும் அப்படியே நின்றுவிடும், நிமிரவே நிமிராது. அதனால் நிறை மையத்துக்கு ஒரு துளி மேலே பிடிக்க வேண்டும். அப்போது கம்பு தானாக மெல்ல நிமிரும்.

மூன்றாவது விஷயம்: கையின் திருகல் உள்ளே போகாமல் தடு

கம்பைக் கையால் இறுக்கிப் பிடித்தால், கை திரும்பும்போது கம்பும் திரும்பும். கைக்கும் கம்புக்கும் நடுவே எந்தப் பக்கமும் தடையின்றிச் சுழலும் மூட்டு ஒன்று வேண்டும். அதற்குத்தான் கிம்பல் என்று பெயர். கப்பல்களில் திசைகாட்டியை இப்படித் தடையின்றிச் சுழலும் வளையங்களில்தான் தொங்கவிடுவார்கள். அலையில் கப்பல் உருண்டாலும் திசைகாட்டி மட்டமாகவே இருக்கும்.

கடையில் என்ன கேட்பது?

ஹார்டுவேர் கடைக்குப் போய், “அண்ணாச்சி, கேமரா ஸ்டெபிலைசருக்கு கிம்பல் இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள்.

“ஸ்டெபிலைசரா? ஃபிரிட்ஜுக்கு வைக்கிறதுதானே? எலக்ட்ரிக் கடையில கேளு தம்பி” என்பார். அவர் மீது தப்பே இல்லை. நாம் கேட்ட விதம் சரியில்லை.

“அண்ணாச்சி, இந்தக் குழாய் உள்ளே நுழையணும், லேசாச் சுத்தணும். அப்படி ஒரு பேரிங் வேணும்” என்று கையில் குழாய்த் துண்டோடு கேளுங்கள். உடனே அவர் முகம் மாறும். “15 எம்.எம். துளையா? ஃபேன் பேரிங் சரியா இருக்குமே!” என்று அவரே வழி சொல்வார். பாகத்தின் பெயரைச் சொன்னால் அவரிடம் இருப்பதும் இல்லாததும்தான் தெரியும். அது செய்ய வேண்டிய வேலையையும் அளவையும் சொன்னால், அவருடைய இத்தனை வருட அனுபவமும் உங்களுக்குக் கிடைக்கும்.

இன்னொன்றும் முக்கியம். எல்லாப் பாகத்துக்கும் ஒரே மாதிரி மாற்று தேடக் கூடாது. பாகங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: எது வைத்தாலும் சரி, கிட்டத்தட்டப் பொருந்தினால் சரி, இம்மியும் பிசகக் கூடாது.

எது வைத்தாலும் சரி: எடை

எடையின் வேலை கனமாக இருப்பது மட்டுமே. என்ன உலோகம், என்ன வடிவம் என்ற கவலையே வேண்டாம். தராசில் வைக்கும் பழைய 200 கிராம் எடைக்கல், கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு, ஒரு போல்ட்டில் கோத்த இரும்பு வாஷர்கள், மணல் நிரப்பிய சின்ன டப்பா என எதுவும் ஆகும். என் ஓட்டு வாஷருக்குத்தான். ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், கழற்றலாம். எடையை நுணுக்கமாகச் சரிசெய்ய அதைவிடச் சுலபமான பொருள் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: மணலோ வாஷரோ உள்ளே குலுங்கக் கூடாது. குலுங்கினால் அந்த ஆட்டம் கம்புக்குப் போகும். இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

கைப்பிடியும் இந்த வகைதான். மரக்கட்டையில் சைக்கிள் ஹேண்டில்பார் ரப்பரைச் சொருகினால் அருமையான பிடி தயார்.

கிட்டத்தட்டப் பொருந்தினால் சரி: கம்பும் பேரிங்கும்

கம்புக்கு வெந்நீர்க் குழாயாகப் போடும் அரை இன்ச்சு சிபிவிசி குழாய் 40 செ.மீ. நீளம் போதும். சந்தன நிறத்தில் இருக்குமே, அதுதான். ஒரு வீட்டில் குழாய் வேலை நடந்தால் துண்டு சும்மாவே கிடைக்கும். பெயர்தான் அரை இன்ச்சு. அளந்து பார்த்தால் அதன் வெளிவிட்டம் 15.9 மி.மீ. இருக்கும்.

பேரிங்குக்கு, மின்விசிறிக்கு காயில் கட்டும் கடைக்குப் போங்கள். சீலிங் ஃபேன்களில் பெரும்பாலும் 6201, 6202 என்ற எண் போட்ட பேரிங்குகள் இருக்கும். இந்த எண்கள் உலகப் பொதுமொழி. கடைசி இரண்டு இலக்கம் 01 என்றால் துளை 12 மி.மீ., 02 என்றால் 15 மி.மீ. எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்தாலும் 6202 என்றால் துளை 15 மி.மீ., வெளிவிட்டம் 35 மி.மீ., தடிமன் 11 மி.மீ.

குழாய் 15.9, துளை 15. குழாய் 0.9 மி.மீ. பருமனாக இருக்கிறது. இங்கேதான் உப்புத்தாள் கைகொடுக்கும். குழாயின் மேல் முனையிலிருந்து 11 செ.மீ. வரை உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்து, குழாயை உருட்டிக்கொண்டே தேயுங்கள். நடுநடுவே பேரிங்கை மாட்டிப் பாருங்கள். சற்று இறுக்கமாக நுழைய வேண்டும். அதிகமாகத் தேய்த்துவிட்டால் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் சரியாகிவிடும். பருமனைத் தேய்த்துக் குறைக்கலாம், இடைவெளியை டேப்பால் நிரப்பலாம். அதனால்தான் இது ‘கிட்டத்தட்ட’ வகை.

அளவு பொருந்தியதும் சுழற்சியைப் பாருங்கள். ஃபேன் பேரிங்குக்குள் கெட்டியான கிரீஸ் இருக்கும். ஃபேன் மோட்டாருக்கு அது பொருட்டே இல்லை. நம் கருவிக்கோ அது பெரிய தடை. பக்கத்தில் ரப்பர் மூடி இருந்தால் குண்டூசியால் மெல்ல நெம்பி எடுங்கள். பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு, அடுப்புக்கு எட்டாத இடத்தில், மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். முன்பு ஒரு சுற்றோடு நின்ற பேரிங், இப்போது விரலால் தட்டிவிட்டால் விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இம்மியும் பிசகக் கூடாது: கேமரா போல்ட்டு

கேமராவின் அடியிலும், கைப்பேசியைக் கவ்விப் பிடிக்கும் ஹோல்டரின் அடியிலும் ஒரு மரைத் துளை இருக்கும். ஜப்பானில் செய்த கேமராவானாலும் சீனாவில் செய்த ஹோல்டரானாலும் அது கால் இன்ச்சு அளவுதான்: விட்டம் 6.35 மி.மீ., ஒரு இன்ச்சு நீளத்துக்கு 20 மரை.

கடையில் பார்ப்பதற்குக் கால் இன்ச்சு போல்ட்டு மாதிரியே இன்னொரு போல்ட்டும் இருக்கும். அது எம்6. விட்டம் 6 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடையே 1 மி.மீ. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான் தெரியும். எம்6ஐக் கேமராவில் திருகினால் லொடலொடவென்று உள்ளே போகும். பலமாக முடுக்கினால் கேமராவின் மரையையே தின்றுவிடும். அப்புறம் எந்த ஸ்டாண்டிலும் மாட்ட முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் போதும். போல்ட்டின் மேல் ஸ்கேலை வைத்து, 2.5 செ.மீ. நீளத்தில் எத்தனை மேடுகள் என்று எண்ணுங்கள். 25 வந்தால் எம்6. 20ஐ ஒட்டி வந்தால் கால் இன்ச்சு. கடையில் இதை ‘ரெண்டு நூல் போல்ட்டு’ என்றும் சொல்வார்கள். ஒரு இன்ச்சுக்கு 8 நூல் என்பது கடைக்கணக்கு.

உலகத்துக்கே ஒரே அளவு எப்படி வந்தது? ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை போட்டது. ஒரு பட்டறையின் போல்ட்டு இன்னொரு பட்டறையின் நட்டில் ஏறாது. 1841இல் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர், எல்லாரும் ஒரே அளவில் மரை போடலாம் என்று ஒரு முறை வகுத்தார். மரையின் பள்ளம் 55 டிகிரி கோணம். 1864இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரியில் இன்னொரு முறை சொன்னார். இன்றைய கேமராத் துளை அமெரிக்க முறை. நம் கடைகளில் கிடைக்கும் கால் இன்ச்சு போல்ட்டில் விட்வொர்த் முறையும் உண்டு. கால் இன்ச்சைப் பொறுத்தவரை இரண்டிலும் 20 மரைதான். எனவே கைப்பேசி அளவு எடைக்கு இரண்டும் பொருந்தும். விரலாலேயே தடையின்றித் திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்பேனர் தேவைப்பட்டால் அது தப்பான போல்ட்டு.

நீளமும் முக்கியம். கேமராவுக்குள் 4 முதல் 5 மி.மீ. வரைதான் போகலாம். அதற்கு மேல் போனால் உள்ளே முட்டும். போல்ட்டு நீளமாக இருந்தால் வாஷர்களைக் கோத்து நீளத்தைக் குறையுங்கள். உடைந்த செல்ஃபி ஸ்டிக் கிடைத்தால் அதன் முனையில் இருக்கும் திருகைக் கழற்றிக்கொள்வது இன்னும் நல்லது.

கிம்பலைக் கட்டுவோம்

பேரிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு குழாய்க் கடைக்குப் போங்கள். அதன் வெளிவளையம் கச்சிதமாக நுழையும் பிவிசி குழாயையோ காலரையோ அங்கேயே போட்டுப் பார்த்து எடுங்கள். பெரியவர் துணையோடு ஆக்சா பிளேடால் 2 செ.மீ. அகல வளையமாக அறுத்து, அதற்குள் பேரிங்கை இருத்துங்கள்.

வளையத்தின் இடப்புறமும் வலப்புறமும், நேருக்கு நேராக, 3 மி.மீ. திருகு ஒவ்வொன்று. இவைதான் அச்சு. அலுமினிய ஜன்னல் வேலை செய்யும் கடையில் கழிவாகக் கிடக்கும் பட்டை ஒன்றை ‘ப’ வடிவில் வளைத்து, இரண்டு கால்களிலும் அந்தத் திருகுகளை மாட்டுங்கள். ‘ப’வின் முதுகில் துளையிட்டு, ஒரு போல்ட்டால் கைப்பிடியோடு சேருங்கள். நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு போட்டால் தளர்வாக விட்டாலும் கழன்று விழாது.

இப்போது மூன்று சுழற்சி கிடைத்துவிட்டது. பேரிங்கில் கம்பு இட வலமாகத் திரும்பும். பக்கத் திருகுகளில் முன்னும் பின்னும் சாயும். முதுகுப் போல்ட்டில் பக்கவாட்டில் சாயும். இந்த மூன்று அச்சுகளும் பேரிங்கின் நடுவில், ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். ஒன்று விலகினாலும் கை ஆட்டம் அந்த இடைவெளி வழியாகக் கம்பைச் சாய்த்துவிடும். திருகு ஏன் மெல்லியதாக இருக்க வேண்டும்? உராய்வு அச்சின் நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் வேலை செய்கிறதோ, அவ்வளவு பலமாகச் சுழற்சியைத் தடுக்கும். மெல்லிய அச்சில் அந்தத் தூரம் குறைவு.

கணக்குப் போட்டுச் சமன் செய்வோம்

குழாயின் மேல் முனையில் ஒரு பிளைவுட் துண்டைப் பொருத்தி, அதன் மேல் ஹோல்டரையும் கைப்பேசியையும் மாட்டுங்கள். கைப்பேசி 200 கிராம், ஹோல்டர் 50 கிராம் என்றால், பலகையும் வாஷர்களும் 350 கிராம் சேர்த்து மேல் எடையை 600 கிராம் ஆக்குங்கள். பேரிங் அதற்கு 10 செ.மீ. கீழே. பேரிங்கிலிருந்து 30 செ.மீ. கீழே 200 கிராம் எடை. பெருக்கிப் பாருங்கள்: 600 × 10 = 6000. 200 × 30 = 6000. சமம்! குழாயின் சொந்த எடையும் பெரும்பகுதி கீழ்ப்பக்கம் சேர்வதால், கீழே சற்றுக் கனம் கூடியிருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

மெத்தைக்கு மேலே வைத்துச் சோதியுங்கள். கம்பைக் கிடையாகப் பிடித்து விடுங்கள். அது நிமிர்ந்து நேராக வர எவ்வளவு நேரம் ஆகிறது? சுமார் 2 நொடி ஆனால் அருமை. ஒரே நொடியில் நிமிர்ந்தால் கீழே கனம் அதிகம். நடக்கும்போது ஊசலாடத் தொடங்கிவிடும். ஒரு வாஷரைக் கழற்றுங்கள், அல்லது கீழ் எடையைக் கொஞ்சம் மேலேற்றுங்கள். நிமிராமலே கிடந்தால் கீழே ஒரு வாஷர் சேருங்கள். கம்பு முன்னால் சாய்ந்து நின்றால் கைப்பேசியைப் பின்னால் தள்ளுங்கள்.

பிறகு நடக்கலாம். ஒரு கை கைப்பிடியில். மறு கையின் இரு விரல்கள் பேரிங்குக்குக் கீழே கம்பை லேசாகத் தொட்டு, வேண்டிய பக்கம் திருப்பட்டும். முழங்காலைச் சற்று மடக்கி நடங்கள். ஏனென்றால் நம் கருவி சாய்வதைத் தடுக்கும், மேலும் கீழும் குதிப்பதைத் தடுக்காது. ஸ்டெடிகேமில் அந்த வேலைக்கு ஸ்பிரிங் வைத்த தனிக் கை உண்டு. நமக்கு நம் முழங்காலும் முழங்கையும்தான் ஸ்பிரிங்.

பேரிங் கிடைக்காவிட்டால்?

அதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஜானி லீ என்பவர் 14 டாலர் செலவில் ஒரு ஸ்டெபிலைசர் செய்து காட்டினார். அதில் பேரிங்கே கிடையாது. 10 இன்ச்சு நீள அரை இன்ச்சு இரும்புக் குழாய் மூன்று, நடுவில் சேர்க்க ஒரு ‘டீ’, முனைகளுக்கு மூன்று மூடி, கீழே உடற்பயிற்சிக்கு வைக்கும் 2.5 பவுண்டு எடை. பக்கவாட்டுக் குழாயைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். தள்ளி வைத்த எடையின் நிலைமம் ஒன்றே பெரும்பகுதி ஆட்டத்தை விழுங்கிவிடுகிறது. நம் ஊர்க் குழாய்க் கடையில் ஜி.ஐ. குழாய் வாங்கினால், அவர்களே வெட்டி மரை போட்டுத் தருவார்கள். முதலில் இதைச் செய்து பழகிவிட்டு, பிறகு பேரிங் வைத்ததற்குப் போகலாம்.

ஒரு நோட்டு போடுங்கள்

இந்த வேலையைத் தொடங்கும்போது நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் பாகத்தின் பெயர். இரண்டாவதில் அது செய்ய வேண்டிய வேலை. மூன்றாவதில் அளவு எவ்வளவு பிசகலாம் என்பது. முதல் கட்டத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பிவிடலாம். மற்ற இரண்டையும் நிரப்ப, அந்தப் பாகத்தைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும். ஸ்டெபிலைசர் மட்டுமல்ல, காற்றாலை, தொலைநோக்கி, நீர் இறைக்கும் பம்பு என எதைச் செய்யப் போனாலும் இந்த நோட்டு கூட வரட்டும். அதை ஒழுங்காக நிரப்பிக்கொண்டு போகும் பிள்ளைக்கு, எந்த ஊர் அண்ணாச்சியும் தன் கடையின் அடுக்கையெல்லாம் திறந்து காட்டுவார்.